அத்தியாயம் 7: தவிட்டுக்கு வாங்கிய எண்ணெய்

பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், அதைப் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. தவிடன், தவிட்டம்மாள் என்று பேரும் வைத்துவிடுவார்கள். இத்தனை மலிவான சரக்கை எமன் சீந்தமாட்டான் என்பது கணக்கு. தவிடு என்றால் விலைபோகாதது என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

அதனால் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மீன் வறுத்து விற்கும் ஓர் அக்காவிடம் தவிட்டெண்ணெய்ப் பேச்சை எடுத்தபோது அவர் சிரித்ததில் எனக்கு வியப்பில்லை. "தவுடு மாட்டுக்குப் போடறது. அதுல இன்னா எண்ணெய் வரப்போவுது?" என்றார். பக்கத்தில் நின்றிருந்த அவருடைய மருமகள், "டிவில காட்டுறாங்களே அத்தே, ஆர்ட்டுக்கு நல்லதுன்னு" என்றாள். இந்த இருவருக்கும் அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவிட்டெண்ணெய் நல்ல வறுவல் எண்ணெய். அது மருந்து அல்ல. மாமியார் அதைக் குறைத்து மதிப்பிட்டார், மருமகள் கூட்டி மதிப்பிட்டாள்.

எந்தத் தவிடு, எவ்வளவு எண்ணெய்

முதலில் உமி வேறு, தவிடு வேறு. நெல்லின் மேல் கூடுதான் உமி. எரிக்கலாம், தின்ன முடியாது. உமி நீங்கிய பழுப்பரிசியை மில்லில் தீட்டும்போது மேல்தோலும் முளைக்கருவும் பொடியாக உதிர்கின்றனவே, அதுதான் தவிடு. எண்ணெய் இருப்பது இந்தப் பொடியில்தான். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து விழும். அந்தக் கலவையில் எண்ணெய் எடுக்கக் கட்டுபடியாகாது. உமியைத் தனியே கழற்றும் நவீன மில்கள் வந்த பிறகுதான் சுத்தமான தவிடு கிடைத்தது, தவிட்டெண்ணெய்த் தொழிலும் காலூன்றியது.

100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு, மீதி அரிசியும் குருணையும். பச்சரிசித் தவிட்டில் எண்ணெய் நூற்றுக்குப் பதினைந்து பங்கு போல இருக்கும். புழுங்கல் தவிட்டில் இருபதையும் தாண்டும். வீட்டுக் கணக்கில் சொன்னால், 75 கிலோ நெல் மூட்டை ஒன்றுக்கு ஒரு லிட்டரை ஒட்டி எண்ணெய். ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் குடும்பமா? அந்த அரிசியைத் தீட்டியபோது உதிர்ந்த தவிட்டில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் இருந்திருக்கும். அரிசி உங்கள் வீட்டுக்கு வந்தது. எண்ணெய் எங்கோ போனது.

எங்கே போனது? நம் குப்பத்தில் இருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் செங்குன்றம். சென்னைக்கு அரிசி அனுப்பும் மில்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மில்லில் எண்ணெய் எடுப்பதில்லை. தவிட்டு வியாபாரி மூட்டை கட்டி லாரியில் ஏற்றி சால்வென்ட் ஆலைக்கு அனுப்புவார். அங்கே எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் தவிடு மாட்டுத் தீவனமாகத் திரும்பும். அதற்கும் நல்ல கிராக்கி உண்டு. பால் விலையும் தீவன விலையும் ஏறிக் கிடந்த 2023 ஜூலையில் எண்ணெய் எடுத்த தவிட்டை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு தடையே போட்டது. ஆக, அக்கா சொன்னதும் சரிதான். மாட்டுக்குப் போகிறது, ஆனால் எண்ணெயை எடுத்துக்கொண்ட பிறகு.

உலகத்திலேயே தவிட்டெண்ணெய் அதிகம் எடுக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். ஆனாலும் நாம் தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது: இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில், ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவின் சூரியகாந்தி. துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

புழுங்கல் செய்யும் உபகாரம்

தவிட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நெல்லுக்குள் இருக்கும்வரை எண்ணெயும், அதை அரிக்கும் லிபேஸ் என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. தீட்டியதும் இரண்டும் கலந்துவிடும். சில மணி நேரத்தில் எண்ணெய் சிதையத் தொடங்கும்; ஒரு நாள் போனால் கைமீறும். சிதைந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, கசப்பும் சிக்கு வாடையும் வரும். நெடுங்காலம் இந்தியத் தவிட்டெண்ணெயில் பெரும்பகுதி சமையலறைக்கு வராமல் சோப்பு ஆலைக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

நானே அறியாமல் பட்டிருக்கிறேன். நார்ச்சத்து நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, மில்லில் இருந்து இரண்டு கிலோ பச்சரிசித் தவிடு வாங்கி வந்து தோசை மாவில் கலக்கலாம் என்று சமையலறையில் வைத்தேன். முதல் நாள் இனிப்பாக வாசனை வீசியது. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்த என் மனைவி, "பழைய சைக்கிள் கடை மாதிரி நாறுது" என்று மூடிவிட்டார். தவிட்டை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

இந்தக் குணத்தை அடக்க வழி சூடுதான். அரைத்த உடனே தவிட்டை நீராவியில் சூடேற்றி நொதியைக் கொன்றுவிட்டால் சிதைவு நிற்கும். தமிழ்நாட்டுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. நாம் நெல்லை ஊறவைத்து அவித்துத்தானே அரைக்கிறோம்? அந்த அவியலிலேயே நொதி செத்துவிடுகிறது. எண்ணெயும் தவிட்டுப் பக்கமாக ஒதுங்குகிறது. நம் பாட்டிமார் எண்ணெயை நினைத்து நெல் அவிக்கவில்லை. ஆனால் புழுங்கல் தவிட்டில் எண்ணெய் கூடுதல், கெடுவதும் தாமதம். இந்த விஞ்ஞானத்தில் தஞ்சாவூருக்குப் பங்கு உண்டு. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்பு நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தஞ்சாவூரில் வளர்ந்த நிறுவனம்தான் இன்று நிஃப்டெம் தஞ்சாவூர் என்று அழைக்கப்படுகிறது. நெல் அவிப்பதும் தவிட்டைக் கெடாமல் காப்பதும் அங்கே நெடுநாளாக ஆராயப்பட்டவை.

புழுங்கல் தவிடு என்பதற்காக மாதக்கணக்கில் போட்டு வைக்கலாம் என்று பொருளில்லை. காற்றுப் பட்டால் அதுவும் காறும்.

செக்கில் வராது

மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் திருவொற்றியூரில் இருந்து எண்ணூர் வரை பெருகிவிட்டன. அங்கே போய்த் தவிட்டெண்ணெய் ஆட்டித் தரச் சொல்லாதீர்கள். எள்ளிலும் நிலக்கடலையிலும் பாதியை ஒட்டி எண்ணெய் இருப்பதால் உலக்கை சுற்றச் சுற்றப் பிழிந்து வரும். தவிடோ மாவு. உள்ள கொஞ்ச எண்ணெயையும் அந்த மாவே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆலையில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் தவிட்டைக் குளிப்பாட்டி எண்ணெயைக் கரைத்து இறக்குகிறார்கள். ஹெக்சேன் 70 டிகிரிக்குக் கீழேயே ஆவியாகிவிடும். ஆவியைக் குளிரவைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். சுத்திகரித்த எண்ணெயில் அது 10 லட்சத்துக்கு 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

ஹெக்சேன் பேரைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. பெட்ரோலியத்தில் இருந்து வருவதாயிற்றே, மணலிப் புகையை மூச்சில் வாங்கும் நாம் அதைத் தட்டிலும் வாங்க வேண்டுமா என்பார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் கடையில் விற்கும் சோயா எண்ணெய் ஏறக்குறைய முழுவதும், சூரியகாந்தி எண்ணெயில் ஒரு பங்கும் இதே வழியில் வருபவை. தவிட்டெண்ணெயை மட்டும் தனியே ஒதுக்க நியாயம் இல்லை. கரைப்பானே வேண்டாம் என்பவர்களுக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் இருக்கின்றன. 'செக்குத் தவிட்டெண்ணெய்' என்று யாராவது தெருவில் விற்றால் வாங்காதீர்கள்.

ஆலையில் இறக்கிய பச்சை எண்ணெயை நீங்கள் பார்த்தால் தொடமாட்டீர்கள். கரும்பச்சையும் பழுப்புமாக, மெழுகும் பிசினும் நிறைந்து, வண்டி எண்ணெய் போல இருக்கும். பிசின் நீக்கி, குளிரவைத்து மெழுகை வடித்து, களிமண்ணால் நிறம் எடுத்து, வெற்றிடத்தில் நீராவி பாய்ச்சி வாடை போக்கிய பிறகுதான் பாக்கெட்டுக்கு வரும்.

இதில் ஒரு கட்டத்தை மட்டும் நினைவில் வையுங்கள், கடையில் உதவும். சிதைவில் ஏறிய கொழுப்பு அமிலத்தை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காஸ்டிக் சோடா போட்டு அதைச் சோப்பாக மாற்றி வெளியேற்றுவது. அப்போது ஒரைசனால் என்னும் சத்தின் பெரும்பகுதியும் அந்தச் சோப்போடு போய்விடும். மற்றொன்று, காரம் போடாமல் உயர்ந்த சூட்டில் நீராவியால் ஓட்டுவது. இதில் ஒரைசனால் தங்கும். முதலாவதை 'கெமிக்கல் ரிஃபைனிங்' என்றும் இரண்டாவதை 'பிசிகல் ரிஃபைனிங்' என்றும் தொழிலில் சொல்கிறார்கள். பிசிகல் முறைக்குப் பிசின் அறவே நீங்கியிருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் நொதியைக் கொண்டு பிசின் நீக்கும் முறையை உருவாக்கிய பிறகு அது எளிதாயிற்று. எண்ணெயைக் கெடுப்பதும் ஒரு நொதி, தேற்றுவதும் ஒரு நொதி.

எந்தச் சத்து எங்கே தங்குகிறது

தவிட்டின் அருமையை உலகத்துக்குச் சொன்னவை கோழிகள். 1890களில் ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி நோய்க்கு விடை அங்கிருந்துதான் கிடைத்தது. 1929இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் பக்கத்தில் அதே பெரிபெரியை ஆராய 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. தவிட்டெண்ணெய் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா என்று பின்னாளில் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்ததும் இதே நிறுவனம்தான்.

இந்தக் கதையை வைத்து விற்பனைக்காரர் ஒரு சின்னத் தந்திரம் செய்வார். 'தவிட்டின் சத்தெல்லாம் எங்கள் எண்ணெயில்' என்பார். கோழியைக் காப்பாற்றிய பி1 வைட்டமின் தண்ணீரில் கரைவது. எண்ணெயில் அது இருக்காது. நார்ச்சத்தும் இருக்காது, புரதமும் இருக்காது. அவையெல்லாம் மாட்டுக்குப் போய்விட்டன. எண்ணெயோடு வருபவை வைட்டமின் ஈ, அதன் உறவான டோக்கோட்ரையீனால், தாவர ஸ்டீரால், ஒரைசனால் ஆகியவை. இவற்றுள் ஒரைசனால்தான் பிரபலம். 1954இல் ஜப்பானியர் தவிட்டெண்ணெயில் இருந்து பிரித்தெடுத்தது. அரிசியின் லத்தீன் பெயரான 'ஒரைசா'வை ஒட்டிப் பெயரிட்டார்கள்.

கொழுப்பு வகையைப் பார்த்தால், தவிட்டெண்ணெயில் நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு நாற்பது சதவீதத்தை ஒட்டி, மீதி பெரும்பாலும் ஒமேகா-6. கடலெண்ணெயின் பங்கீடும் கிட்டத்தட்ட இதுவே. சமையலில் வேறு எண்ணெய்க்குப் பதிலாக இதை ஊற்றியவர்களுக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு ஓரளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓரளவுதான். 'பதிலாக' என்ற சொல்லையும் கவனியுங்கள். இருக்கிற எண்ணெயோடு இன்னும் இரண்டு கரண்டி சேர்த்தால் இடுப்புதான் கூடும். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், எண்ணெய் மாற்றிவிட்டோமே என்று மாத்திரையை நிறுத்துவது பெரும் தவறு. அப்படி நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒமேகா-3 இதில் மிகக் குறைவு. நமக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலை மீன் இருக்கிறது. மத்தியும் காணாங்கத்தையும் நெத்திலியும் வாரத்தில் இரண்டு நாள் குழம்பில் கொதித்தால் இந்த எண்ணெய் பாட்டில் தராத ஒமேகா-3 வந்துவிடும். வறுவலைவிடக் குழம்பு மேல்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க

முன்பக்கத்தில் இதயப் படம் இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதியிருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் 'எலும்பு இல்லை' என்று எழுதுவது போலத்தான் அது.

பின்பக்கத்தில் முதலில் எண்ணெயின் பெயர். 'ரிஃபைண்ட் ரைஸ் பிரான் ஆயில்' என்று தனியாக இருந்தால் முழுவதும் தவிட்டெண்ணெய். 'மல்டி சோர்ஸ் எடிபிள் ஆயில்' (முன்பு 'பிளெண்டட் எடிபிள் வெஜிடபிள் ஆயில்') என்றிருந்தால் கலப்பு; என்னென்ன, எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆகவேண்டும், ஒவ்வோர் எண்ணெயும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதயத்துக்கு என்று உயர்ந்த விலைக்கு விற்கும் சில கலப்பு எண்ணெய்களில் பெரும்பங்கு தவிட்டெண்ணெய்தான். சதவீதத்தைப் படித்துவிட்டு, தனித் தவிட்டெண்ணெயின் விலையோடு ஒத்துப் பாருங்கள். கலப்பு தவறில்லை, கலப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு சில நேரம் தவறு.

அடுத்து ஒரைசனால் அளவு. 'பிபிஎம்' கணக்கில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். 10,000 பிபிஎம் என்றால் 1 சதவீதம், அவ்வளவுதான். பிசிகல் முறையில் சுத்திகரித்ததா என்பதும் அங்கேயே இருக்கலாம். இரண்டு பாக்கெட் ஒரே விலை என்றால் ஒரைசனால் கூடுதலாக உள்ளதை எடுங்கள். அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள்.

பிறகு எடை. இது மிக முக்கியம், யாரும் பார்ப்பதில்லை. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். எண்ணெய்க்கு இந்த அளவில்தான் பாக்கெட் போடவேண்டும் என்ற விதி 2022இல் நீங்கியபின், கண்ணுக்கு லிட்டர் போலவே தெரியும் 850, 800 கிராம் பாக்கெட்டுகள் பெருகிவிட்டன. விலையைக் கிராமால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் மலிவு எது என்று தெரியும்.

'பிளஸ் எஃப்' முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்தது. கூட்டுறவு நிறுவனமான நாஃபெட் 2021 ஜூனில் கொண்டுவந்த தவிட்டெண்ணெய் இந்த வகை. 14 இலக்க உரிம எண் இல்லாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். டின்னில் இருந்து அளந்து ஊற்றும் சில்லறை எண்ணெய் சட்டப்படியே கூடாது. தெருவில் இன்னும் ஊற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.

வறுசட்டியில்

இனி அக்காவின் கடைக்கு வருவோம். மாலை நாலு மணிக்கு மீன் துண்டுகளில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு தடவி ஊறவைப்பார். ஆறு மணிக்கு அடுப்பு. ஒன்பதரை வரை சட்டி இறங்காது. எந்த எண்ணெய்க்கும் இது கடும் சோதனை. மீனில் இருந்து தண்ணீர் இறங்குகிறது, மசாலா உதிர்ந்து அடியில் கருகுகிறது, உப்பு சேர்கிறது, காற்று படுகிறது. எண்ணெய் உடைவதற்கு இந்த நான்கும் போதும்.

தவிட்டெண்ணெய் இதைத் தாங்கும். அது புகைவது 230 டிகிரியை ஒட்டித்தான். மீன் வறுக்க 170, 180 போதும். ஒரைசனாலும் வைட்டமின் ஈயும் எண்ணெய் காறுவதைத் தள்ளிப்போடும். சூரியகாந்தியைவிடச் சட்டியில் நெடுநேரம் நிற்கும். தனக்கென்று வாசனை இல்லாததால் வஞ்சிரம் வஞ்சிரமாகவே மணக்கும். ஜப்பானில் டெம்புரா வறுக்க இதை விரும்பி வாங்குவது இந்தக் குணத்துக்காகத்தான்.

சூடு பார்க்க மானி வேண்டாம். கறிவேப்பிலை ஒன்றைப் போடுங்கள். சடசடவென்று பொரிந்து உடனே மொறுமொறுப்பானால் மீன் போடலாம். எண்ணெய் புகைந்தால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள். தவிட்டெண்ணெய் குறைவாக உறிஞ்சும் என்று விளம்பரம் சொல்கிறது. காயாத எண்ணெயில் போட்டால் எந்த எண்ணெயையும் மீன் குடிக்கும். ஒரே நேரத்தில் சட்டி நிறையத் துண்டுகளைத் திணித்தாலும் அப்படித்தான். சூடு படக்கென்று இறங்கிவிடும்.

ஊறிய துண்டை வடித்து, உதிரும் மசாலாவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஒவ்வோர் ஈடு எடுத்ததும் கருகிய கசடை அரித்து எடுங்கள். அக்காவிடம் நான் சொன்னவற்றுள் அவர் உடனே ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான், ஏனென்றால் கசடு ஒட்டிய மீனைக் கறுப்பு என்று வாடிக்கையாளர் ஒதுக்குகிறார்களாம். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயை விட்டுவைக்காதீர்கள். செம்பு எண்ணெயை விரைவில் காறவைக்கும். எவர்சில்வர் நல்லது.

எத்தனை முறை திரும்பக் காய்ச்சலாம்? சட்டம் முறைக்கணக்கு சொல்லவில்லை, 'போலார்' என்னும் சிதைவுப் பொருள்களின் அளவைச் சொல்கிறது. 2018 ஜூலை 1 முதல் அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் வறுக்கக் கூடாது. அதை அளக்கும் கருவி தள்ளுவண்டிக்காரரிடம் இருக்காது. கண்ணால் பார்க்க அடையாளங்கள் உண்டு: காய்ச்சும்போது மீன் போடாமலே நுரை கட்டுவது, பாகு போலக் கெட்டியாகிக் கரண்டியில் இருந்து இழையாக வடிவது, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைவது, தொண்டையைக் கரிக்கும் வாடை. இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த எண்ணெயின் கதை முடிந்தது. பழைய எண்ணெயில் புதியதை ஊற்றித் தேற்றப் பார்க்காதீர்கள், புதியதும் கெடும். வீட்டில் என்றால் என் யோசனை எளிது: துண்டு பாதி முழுகும் அளவு மட்டும் ஊற்றி வறுத்து, மிஞ்சியதை வடிகட்டி மறுநாள் தாளிப்புக்கோ தோசைக்கோ தீர்த்துவிடுங்கள்.

எதற்கு இது ஏற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மீன் குழம்புக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் நல்லெண்ணெய்க்கு முன்னால் தவிட்டெண்ணெய் நிற்காது. இட்லிப்பொடிக்குக் குழைக்க ஆகாது. அத்தோ நூடுல்ஸுக்கு வெங்காயம் பொரித்த எண்ணெய் ஊற்றுகிறோமே, அங்கே கடலெண்ணெய்தான் பர்மாக்காரர் வழக்கம்; ஆனாலும் தவிட்டெண்ணெயில் பொரித்துப் பார்த்தேன், வெங்காய மணம் இன்னும் தெளிவாக வந்தது. முறுக்கு, தட்டைக்குக் கேட்கவே வேண்டாம்.

மாதக் கணக்கு

நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய் தாராளம்; ஆளுக்கு நாளைக்கு 19 கிராம் வரும். எல்லாவற்றையும் ஒரே எண்ணெயாக வாங்காமல் மாற்றி மாற்றி, கலந்து வாங்குவதைத்தான் ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்கிறது. ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாமாயில் விஷம் என்று பேசுவோர் பெரும்பாலும் ரேஷன் வரிசையில் நிற்காதவர்கள். அதில் நிறைகொழுப்பு தவிட்டெண்ணெயைப் போல இருமடங்கு என்பது உண்மை. ஆகவே அது ஒரு லிட்டரோடு நிற்கட்டும். அடுத்த ஒரு லிட்டர் தவிட்டெண்ணெய், அரை லிட்டர் நல்லெண்ணெய். இது ஒரு மாதக் கணக்கு. கடலுக்குப் போக முடியாத மீன்பிடித் தடைக்காலத்தில் கை இறுக்கமாக இருந்தால் தவிட்டெண்ணெயை அரை லிட்டராக்கிக் கொள்ளுங்கள். குறைவதால் நட்டமில்லை.

கடற்காற்றும் வெயிலும் உள்ள ஊர் இது. பெரிய கேனாக வாங்காமல் சிறு பாக்கெட்டாக வாங்கி, மூடியுள்ள பாத்திரத்தில் அடுப்பில் இருந்து தள்ளி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் கலங்கினால் பயப்பட வேண்டாம். வெளியே வைத்தால் தெளியும்.

ஒரு பழைய விபத்தும் காலி கேன்களும்

1968இல் மேற்கு ஜப்பானில் தவிட்டெண்ணெய் சாப்பிட்ட ஆயிரக்கணக்கானோருக்குத் தோலில் கொப்புளம், கறுத்த நகம், கண்ணில் பீளை, தீராத சோர்வு. கனெமி என்ற ஆலையில் எண்ணெயின் வாடை போக்கும் கட்டத்தில் சூடேற்றும் குழாய்க்குள் ஓடிய பிசிபி என்ற ரசாயனம் கசிந்து எண்ணெயில் கலந்துவிட்டது. யூஷோ என்று அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். 1979இல் தைவானிலும் இதே காரணத்தால் இதே நோய் வந்தது. தவிடு செய்த குற்றம் அல்ல, ஆலை செய்த குற்றம்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் வட்டாரத்தில் ஆலைகளில் இருந்து வரும் காலி நீலக் கேன்களும் டிரம்களும் மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் பிடிப்போம், சிலர் எண்ணெயும் ஊற்றி வைப்பார்கள். ரசாயனம் இருந்த பிளாஸ்டிக் கேனை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய் ஊற்ற ஆகாது. தண்ணீர் கழுவ முடியாததை எண்ணெய் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

மற்ற தானியங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். மக்காச்சோளத்தில் ஸ்டார்ச் எடுக்கும் ஆலைகளில் ஒதுங்கும் முளைக்கருவில் பாதியை ஒட்டி எண்ணெய் உண்டு. அதுதான் கடையில் 'கார்ன் ஆயில்'. வறுக்க நன்று, ஒமேகா-6 அதிகம், விலையும் அதிகம். கோதுமை முளைக்கரு எண்ணெயில் வைட்டமின் ஈ ஏராளம். ஆனால் சூட்டைத் தாங்காது, சட்டியில் ஊற்றினால் காசும் சத்தும் புகையாகும். கேழ்வரகு எண்ணெய் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கேழ்வரகில் கொழுப்பே 2 சதவீதம் இல்லை.

தீர்ந்த எண்ணெய்

கடை மூடும்போது சட்டியில் மிஞ்சும் கறுத்த எண்ணெயை என்ன செய்வது? சில வியாபாரிகள் லிட்டருக்கு இவ்வளவு என்று வந்து வாங்கிப் போகிறார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள். பயோடீசல் ஆலைக்கு என்றால் நல்லது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய 'ரூக்கோ' திட்டம் அதற்குத்தான், அதில் பதிவு பெற்றவரா என்று சீட்டைக் கேட்டுப் பாருங்கள். சீட்டு இல்லாதவர் அதைத் தெளியவைத்து இன்னொரு வண்டிக்கடைக்கு விற்கலாம். அந்த எண்ணெய் நம் பிள்ளைகள் தின்னும் பஜ்ஜியாகத் திரும்பி வரும். வீட்டில் மிஞ்சும் கொஞ்சத்தை மணலிலோ பழைய காகிதத்திலோ உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

வாய்க்காலில் ஊற்றாதீர்கள். இந்தக் குப்பத்தின் பெயரே முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்து படகும் வலையும் கறுத்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். சட்டி எண்ணெய் அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு துளிதான். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் உங்கள் இறாலும் மடவையும் வளர்கின்றன. அந்தத் துளியையாவது நாம் ஊற்றாமல் இருப்போம்.